மூன்று மீட்டரை எந்தச் சுவரிலிருந்து அளப்பது?

லண்டனின் புறநகரில் எங்களுடையது ஒரு செமி வீடு, அதாவது ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டியது. பின்பக்கச் சமையலறையைப் பெரிதாக்க நினைத்தோம். "மூணு மீட்டருக்குள்ள கட்டினா கவுன்சில்ல கேட்கவே வேண்டாம் அண்ணா" என்றார் பில்டர். இங்கிலாந்தின் விதியும் அப்படித்தான்: ஒட்டிய வீடுகளுக்கு 3 மீட்டர், தனி வீடுகளுக்கு 4 மீட்டர் வரை ஒரே தளமாகப் பின்னால் நீட்டிக்கொள்ளலாம். எந்தச் சுவரிலிருந்து அளக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

கணக்கு, வீட்டின் அசல் சுவரிலிருந்து. அதாவது 1948 ஜூலை 1 அன்று வீடு இருந்தபடி. அதற்குப் பிறகு கட்டிய வீடு என்றால், முதலில் கட்டியபடி. எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் பின்னால் 2 மீட்டர் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதையும் சேர்த்தால் எங்களுக்கு மிச்சம் ஒரே ஒரு மீட்டர்! பிளான் வரைந்தவர் அதைப் பார்க்காமல், இப்போதுள்ள சுவரிலிருந்து 3 மீட்டர் போட்டு, சட்டப்படி சரி என்ற சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டார். நிராகரித்துவிட்டார்கள். கட்டிய பணம் போனது போனதுதான்.

விளக்கம் கேட்க லீவு போட்டுவிட்டுக் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். பிளானிங்குக்கு அங்கே கவுன்டரே கிடையாதாம், மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமாம். அனுப்பினால், பணம் கட்டி ஆலோசனைக்குப் பதியச் சொல்லிப் பதில் வருகிறது. ஒரு வரியில் சொல்ல வேண்டிய விஷயம் அது! இன்றைக்கும் ஆறவில்லை.

கடைசியில் வழி காட்டியது கவுன்சிலின் இணையதளம்தான். முகவரியைத் தட்டினால் வீட்டின் பழைய விண்ணப்பங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முந்தைய உரிமையாளரின் வரைபடத்தில் அசல் சுவர் கோடு தெளிவாக இருந்தது. வீடு வாங்கியவுடனே இதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்காமல் கட்டும் சலுகையைக் கவுன்சில் விலக்கிவைக்கும் ஆர்ட்டிகிள் 4 உத்தரவு உங்கள் பகுதிக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இந்தச் சலுகை பறிபோயிருக்கலாம். ஃபிளாட்டுகளுக்கு இந்தச் சலுகையே கிடையாது.

ஒட்டிய வீட்டுக்கு 6 மீட்டர் வரை போக, 'ப்ரையர் அப்ரூவல்' (கவுன்சிலின் முன் ஒப்புதல்) என்ற இன்னொரு வழி இருக்கிறது. பழையதும் புதியதும் சேர்த்து 5 மீட்டர் என்று அதில் போட்டோம். கவுன்சில் அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் போடும், ஆட்சேபிக்க 21 நாள் தரும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அண்டை வீட்டுக்கு என்ன பாதிப்பு என்ற ஆராய்ச்சிக்கே அவர்கள் போவதில்லை. அதனால் கடிதம் போய்ச் சேரும் முன்பே பிளானை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போனேன். தன் சமையலறை ஜன்னலில் வெயில் மறைந்துவிடுமோ என்பதுதான் அவர் பயம். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கூரை விளிம்பு 3 மீட்டர் உயரம் வரை இருக்கலாம். அவர் பக்கம் அதைக் குறைத்து வரையச் சொன்னேன். ஆட்சேபம் எதுவும் வரவில்லை. 42 நாள் கெடு முடிவதற்குள் சம்மதக் கடிதம் வந்துவிட்டது. அன்று வீட்டில் பாயசம்.

நடுவில் "அஸ்திவாரமாவது தோண்டிடலாமே" என்று பில்டர் விடாமல் நச்சரித்தார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கடிதம் வரும் முன் வேலையைத் தொடங்கினால் இந்த வழி அடைபட்டுவிடும். பில்டிங் கண்ட்ரோலும் (கட்டுமானம் விதிப்படி இருக்கிறதா என்ற சோதனை) பார்ட்டி வால் நோட்டீஸும் (பொதுச் சுவர் பற்றிப் பக்கத்து வீட்டாருக்குத் தரும் அறிவிப்பு) தனி. அவற்றை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம்.