பங்குனி மாத மரக்கணக்கு

24 மார்ச் 2025, திங்கள்

பங்குனி பிறந்து பத்து நாள் ஆயிற்று. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி நாலிலும் நிலவு (வாசல் கதவு நிற்கும் மரச்சட்டம்) வைக்க மாட்டார்கள் என்பதால் பட்டறையில் சத்தம் குறைவு. இருப்பு எடுக்கத் தோதான வாரம்.

தடிகளை முதலில் அளக்க வேண்டும். சுற்றளவில் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவதுதான் வழக்கம். 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் கால் பங்கு ஓரடி. ஆக 10 கன அடி. அதே தடியை உருளையாக வைத்துக் கணக்கிட்டால் 12.73 வரும். அந்த 2.73 அடி இனாம் அல்ல, முதுகுப்பலகைக்கும் (தடியின் வளைந்த வெளிப்பலகை) பட்டைக்கும் முன்கூட்டியே கழித்துவிட்டது. தூத்துக்குடியில் இறங்கும் தேக்குக்குக் கன மீட்டரில் (35.315 கன அடி) விலை சொன்னால், கால்சுற்று அளவா, உருளை அளவா என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது. வித்தியாசம் 27 சதவீதம்.

25 மார்ச், செவ்வாய்

வருட லாபத்தைப் பொய்யாக்கும் இடம் இருப்பு நோட்டுதான். கணக்குக்குத் தடி கன அடி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 அடி தடி 20,000. அறுத்தபின் நல்ல மரம் 6 கன அடி நின்றால், அதன் அடக்க விலை கன அடிக்கு 3,333, அறுவைக் கூலி தனி. 5½ தான் தேறியது என்றால் 3,636. வெள்ளை (வெளிப்புற இளமரம்) அதிகமுள்ள இளந்தேக்கில் சேகு (உள்வைரம்) மட்டும் எடுத்தால் தேறுவது இன்னும் கீழே போகும்.

அறுத்த 6 அடியையும் பழைய 2,000 விலையிலேயே எழுதி வைக்கிறவர்கள் உண்டு. 20,000 ரூபாய் மரம் நோட்டில் 12,000 ஆகிவிடும். இந்த வருடம் இல்லாத நஷ்டம், அடுத்த வருடம் இல்லாத லாபம். இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கும்: வெடித்த தடியை, நடுவில் பொந்து விட்டதை, வாங்கிய விலைக்கே ஏற்றிவிடுவது. அடக்கம், விற்றால் கிடைக்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். வெடித்ததைச் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டுத் தனி அடுக்காக வைத்தால் ஆடிட்டரிடம் வாதாட வேண்டியதில்லை.

27 மார்ச், வியாழன்

ரம்பம் தின்கிற மரத்துக்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை. 12 அங்குலக் கட்டையில் ஓரங்குலப் பலகை எடுக்கும்போது வெட்டுவாய் (ரம்பம் தின்னும் அகலம்) 5 மில்லிமீட்டர் உள்ள வட்ட ரம்பத்தில் 10 பலகை. 2½ மில்லி பேண்ட் சாவில் (பட்டை ரம்பம்) 11. அதுவும் அரை மில்லிக்கும் குறைவான மிச்சத்தில். பல் மழுங்கி பிளேடு ஆடினால் பதினொன்றாவது கிடையாது.

ஓட்டு வீடு பிரித்த பழைய உத்திரம் மலிவாக வரும், ஈரமும் இருக்காது. ஆனால் உள்ளே ஒடிந்து நிற்கும் ஓர் ஆணி போதும், பிளேடு பல்லெல்லாம் போய்விடும். காந்தமோ மெட்டல் டிடெக்டரோ ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

தூள், விறகு விற்ற காசைச் சில்லறை வரவாக டீச்செலவில் கரைக்காமல் தனித் தலைப்பில் எழுதினால்தான் அறுவை விகிதம் (தடியில் தேறும் நல்ல மரத்தின் பங்கு) இறங்குவது கண்ணில் படும். விறகு வரவு திடீரென்று கூடினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

28 மார்ச், வெள்ளி

திங்கள் ரம்ஜான். பாக்கிகளை இன்றோ நாளையோ முடிப்பது நல்லது. உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்குப் பணம் கொடுக்கக் கெடு 15 நாள். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45. கெடு தாண்டி 31ஆம் தேதி நிலுவையில் நின்றால் அந்தத் தொகை இந்த வருடச் செலவாகாது, கொடுக்கும் வருடத்தில்தான் கழியும். 1961 வருமான வரிச் சட்டம், பிரிவு 43பி(எச்). வாங்கி விற்கும் வியாபாரிக்கு நாம் தர வேண்டிய பாக்கிக்கு இது பொருந்தாது. ஆகவே மில்காரர், வியாபாரி என்று பாக்கிப் பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

29 மார்ச், சனி

நிலவு விலை. 7க்கு 3½ அடி, 5க்கு 3 அங்குலம், வாசற்படியோடு நாலு பக்கமும். ஓட்ட அடி (மொத்த நீளம்) 21. முடிந்த அளவில் 2.19 கன அடி. இழைக்க 5¼க்கு 3¼ வேண்டும், நிற்கும் கால் 7¼ அடி, மேல்சட்டமும் படியும் 3¾ வெட்ட வேண்டும். அப்போது 22 ஓட்ட அடி, 2.61 கன அடி. வித்தியாசம் 0.42. மேலே சொன்ன 3,333 விலையில் சுமார் 1,400 ரூபாய். முடிந்த அளவுக்கு 7,290 போட்டு அதன்மேல் 15 சதவீதம் லாபம் வைத்தால் கிடைப்பது 1,094. கூலி வருமுன்பே கையைக் கடித்துவிட்டது.

‘நிலவில் விட்டதைக் கதவில் பிடிக்கலாம்’ என்பார்கள். கதவு ஆர்டர் பூச்சு முடிந்து, ஆறேழு மாதம் கழித்து வரும், வேறொரு கடைக்கும் போகலாம். நிலவு பாக்கியும் அதுவரை தொங்கும். இறக்கும்போதே முழுப்பணம் வாங்கிவிட வேண்டும்.

3 ஏப்ரல், வியாழன்

சித்திரைக்குச் சரக்கு எழுத வேண்டும். வெயிலில் தடி முனை பக்கத்துக்கு 3 அங்குலம் வெடித்தால் 10 அடி 9½ ஆகும். நிலவுக் கால் 7¼ போக 2¼ அடி துண்டு, கிட்டத்தட்ட கால் பங்கு மரம், வென்டிலேட்டருக்குத்தான் ஆகும். 11 அடியும் போதாது. முனை போனால் 10½, மேல்சட்டம் வராது. 11½ என்றால் ஒரு காலும் ஒரு 3¾ சட்டமும் சரியாக விழும், இரண்டு நீளத்தில் ஒரு நிலவு முழுசாக முடியும். நீளத்துக்குக் கன அடிக்கு 50 ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். இறக்கிய அன்றைக்கே முனைக்கு பெயின்ட்.