இங்கே நிறுத்திக்கொள்ளலாமா?

ஜனவரி 19, 2025. கரூர்

வண்டியை இன்று கையில் வாங்கினேன். பத்து வருஷம் பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்து ஓய்ந்த டெம்போ டிராவலர். பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் ஐந்து மாதம் கிடந்து, கட்டிலும் அடுப்பு மேடையும் சோலார் தகடுமாக வெளியே வந்திருக்கிறது.

பட்டறை மேஸ்திரி முதல் நாளே கேட்டார்: "உங்களுக்கு வீடு வேண்டுமா அம்மா, வண்டி வேண்டுமா? இரண்டும் முழுசாகக் கிடைக்காது." நான் வரைந்து கொண்டுபோன படத்தில் புத்தக அலமாரி, கடப்பைக்கல் மேடை, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. கடப்பைக்கல்லைப் பேனாவால் ஒரே கோடாக அடித்தார். தொட்டியைப் பாதியாக்கினார். "லிட்டருக்கு ஒரு கிலோ. வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் அடித்தால் வண்டியும் அந்தப் பக்கம்தான் போகும்." 100 லிட்டர்த் தொட்டி, உள்ளே தடுப்புத் தகடு, முன் பின் அச்சுகளுக்கு நடுவே தரையோடு ஒட்டி. அலமாரி மட்டும் பிழைத்தது, ஒரு தட்டாக.

கட்டியதைவிடக் கடினம் காகிதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. அனுமதி, சோதனை, மறுபடி அனுமதி. ஆர்.சி.யில் 'மோட்டார் கேரவன்' என்று ஏறுவதற்குள் ஒரே அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தேன். 7,500 கிலோவுக்குக் கீழ் என்பதால் கார் உரிமமே போதும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

நாமக்கல் வாடகை வீட்டைச் சென்ற மாதமே காலி செய்தாயிற்று. ரேஷன் அட்டை, ஆதார், வங்கி எல்லாவற்றுக்கும் தம்பி வீட்டு முகவரி. "முகவரி இங்கே, ஆள் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது அக்கா?" என்றான். டிரிப் போயிருக்கிறாள் என்று சொல், என்றேன். லாரி ஓட்டிய அப்பாவை எங்கே என்று கேட்டால் அம்மா சொன்ன பதில் அது.

பிப்ரவரி 8. ஒட்டன்சத்திரம் அருகே

வரும் 11ஆம் தேதி தைப்பூசம். பழனிக்கு நடப்பவர்களால் சாலையோரம் காவியும் பச்சையுமாக நிறைந்திருக்கிறது. மாலை ஐந்துக்கே இடம் தேட ஆரம்பித்துவிட்டேன். இருட்டிய பிறகு கேட்டால் யாரும் நம்புவதில்லை என்பதை மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

ஒரு பெட்ரோல் பங்க். முதலில் டீசல் போட வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும். "இராத்திரிக்கு இங்கே நிறுத்திக்கொள்ளலாமா?" மேலாளர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "கூட யார்?" யாருமில்லை. சற்று யோசித்து, அலுவலக விளக்கு விழும் இடத்தைக் காட்டினார். பக்கத்தில் இரண்டு நாமக்கல் லாரிகள். நம்பர் பலகையில் டிஎன் 28 என்று பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

அந்த லாரிக்காரர்கள் டயர் நிழலில் அடுப்பைப் பற்றவைத்து வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் இப்படித்தான். இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகைப் படுக்கை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கருவாட்டு டப்பா. அஸ்ஸாம் போனால் வர ஒரு மாதம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் இன்னும் மோசம். போர்வெல் போடப் போனால் வடக்கே பல மாதம், சமையல்காரர் உட்பட எல்லோரும் வண்டியோடு வண்டியாக. என்னைப் பற்றி 'துணிச்சல்' என்று உறவில் பேசிக்கொள்கிறார்களாம். அப்பாவை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவருக்கு வேறு வழி இல்லை, எனக்கு இருந்தது. அதற்காகவா இந்தப் பாராட்டு என்று புரியவில்லை.

இரவு பதினொன்றுக்கு உள்ளே இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுப் படுத்தேன். வெளியே நடைபயணிகள் ஒரு துண்டை விரித்து அப்படியே தூங்குகிறார்கள். பெண்களும் பிள்ளைகளும் தாம். தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. தூக்கமும் சரியாக வரவில்லை.

பிப்ரவரி 9

மெய்ப்புத் திருத்தம், 64 பக்கம். வேறொன்றுமில்லை.

மார்ச் 14. தூத்துக்குடி

கழிவறையைப் பற்றி எழுதாமல் வண்டி வாழ்க்கையைப் பற்றி எழுதுவது ஏமாற்று. கட்டிலுக்கடியில் இழுத்துத் திறக்கும் சிறிய கழிவறை. கீழே கழற்றக்கூடிய 20 லிட்டர்ப் பெட்டி. மூன்று நாளுக்கொருமுறை அது நிரம்பும். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்டணக் கழிப்பிடத்துக்குப் போய், அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் இது என்ன என்று விளக்க வேண்டும். இன்று காலை அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "வீட்டில் என்ன சண்டை?" என்றார். காசு வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

தண்ணீர் இன்னொரு கதை. குளிக்க ஐந்து லிட்டர், பாத்திரத்துக்கு மூன்று, குடிக்கவும் சமைக்கவும் ஆறு. சிக்கனமாக இருந்தால் ஒரு வாரம் ஓடும். பிறகு குழாய் வைத்திருக்கும் யாரையாவது கேட்க வேண்டும். உப்பளத்து ஊரில் நல்ல தண்ணீரைச் சும்மா கேட்கக் கூச்சமாக இருந்தது. கேன்காரரை நிறுத்தி விலைக்கு வாங்கினேன்.

யாரையும் அண்டாமல் இருக்கலாம் என்றுதான் கிளம்பினேன். முப்பது வருஷம் வாடகை வீட்டில் இருந்தபோது கேட்டதைவிட இந்த இரண்டு மாதத்தில் அதிகம் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 10. ராமேஸ்வரம்

பாம்பன் புதிய ரயில் பாலத்தைப் போன 6ஆம் தேதிதான் திறந்தார்கள். சாலைப் பாலத்தில் எல்லோரும் வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன், ஒரு நிமிடம்.

தனுஷ்கோடிக்குப் போனேன். 1964 டிசம்பர்ப் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர், இரண்டு பக்கமும் கடல். இங்கே ஓர் இரவு தூங்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே போலீஸ்காரர் வந்து விசிலடித்தார். மாலைக்கு மேல் யாருக்கும் அனுமதியில்லை. "இது வீடு, உள்ளேயே இருந்துகொள்கிறேன்" என்றேன். "வீட்டைத் திருப்புங்கள் அம்மா" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

ஊருக்குள் யாத்திரை வாகனங்கள் நிற்கும் இடத்தில் படுத்தேன். இரவு இரண்டு மணிக்கும் உள்ளே 33 டிகிரி. கூரைக்கடியில் கொடுத்த வெப்பத் தடுப்பு பகலில் வெயிலைத் தாமதப்படுத்துகிறது. இரவில் அதே வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மின்விசிறி வெந்த காற்றைக் கலக்கிக்கொடுத்தது. ஒரு பக்கம் திருத்துவதற்குள் வியர்வை விசைப்பலகையில் சொட்டுகிறது. மலைக்குப் போக வேண்டும்.

மே 3. மேட்டுப்பாளையம்

நாளை அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. என்னைப் போலவே ஊரெல்லாம் மலையை நினைக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. இ-பாஸ் இல்லாமல் கல்லாறு சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. உள்ளூர்ப் பதிவு வண்டிகளுக்கு விலக்கு. எனக்கு எது உள்ளூர்?

கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மலை தாங்குவதற்கும் ஓர் அளவு உண்டு. ஆனால் வருகிற நாளையும் திரும்புகிற நாளையும் குறிக்க வேண்டிய இடத்தில் கொஞ்சநேரம் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று சனிக்கிழமை, திங்கட்கிழமைக்குக் கிடைத்தது.

மே 26. கோத்தகிரிக்குக் கீழே

கேரளத்தில் 24ஆம் தேதியே பருவமழை இறங்கிவிட்டது. நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை. சுற்றுலா இடங்களை மூடியிருக்கிறார்கள். நீட்டிய பாஸும் நாளையோடு முடிகிறது. நான் நிற்பது ஒரு தேயிலைத் தோட்டக்காரர் வீட்டு முற்றத்தில். மேட்டைப் பார்த்து நிறுத்தாதே, மரத்தடி வேண்டாம் என்று அவரே வந்து இரண்டு முறை இடம் மாற்றினார்.

மூன்று நாளாகச் சூரியனைக் காணவில்லை. பேட்டரி 38 சதவிகிதம். வேலையைத் தள்ளிவைத்துவிட்டேன்.

நேற்று மாலையிலிருந்து ஊரில் மின்சாரம் இல்லை. காலையில் கதவைத் தட்டினார்கள். வீட்டுக்காரரின் மருமகள், குடைக்குள் இரண்டு போன்களோடு. "அக்கா, கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாமா? அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், பேச முடியவில்லை." உள்ளே வரச் சொன்னேன். செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் படியிலேயே நின்றாள். கட்டிலில் உட்காரவைத்து டீ போட்டேன். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் அவள் சொன்னது பாதி கேட்கவில்லை.

36 சதவிகிதம்.