திருப்பி அனுப்பப்பட்ட கதைகளும் டேவிட் ஜெரால்டும்

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் டேவிட் ஜெரால்ட் என்றதும், ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளி டிவி தொடரைப் பார்த்தவர்களுக்கு ‘ட்ரிப்பிள்’ என்ற ரோமப் பந்துகள்தான் ஞாபகத்துக்கு வரும். 1967 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் என்பிசியில் ஒளிபரப்பான ‘தி ட்ரபிள் வித் ட்ரிப்பிள்ஸ்’ அவர் எழுதிய எபிசோடு. அப்போது அவருக்கு வயது 23. அந்த ஒன்றை மட்டும் வைத்து அவரை எடை போட்டுவிட்டுப் போகிறவர்களே அதிகம். எனக்கு அவரிடம் முக்கியமாகப் படுவது வேறு விஷயம். டிவிக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய கதையை அவர் சும்மா விட்டதில்லை. பத்து, பதினைந்து வருஷம் கழித்தாவது அது நாவலாக வந்தது. நாவலும் எழுதி, டிவிக்கும் எழுத ஆசைப்படுகிறவர்கள் அவருடைய வேலையைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஸ்டார் ட்ரெக் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கியது. கல்லூரி மாணவராக இருந்த ஜெரால்ட் உடனே உட்கார்ந்து ‘டுமாரோ வாஸ் யெஸ்டர்டே’ என்று 60 பக்கக் கதைச்சுருக்கம் ஒன்றை எழுதி, ஏஜென்ட் மூலமாக அனுப்பினார். தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு விண்கப்பல். அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தாங்கள் கப்பலில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிருக்கிறது. நல்ல கரு. ஆனால் அன்றைய ஒரு மணி நேர எபிசோடின் முழு ஸ்கிரிப்டே ஏறக்குறைய அறுபத்தைந்து பக்கம்தான் வரும். சுருக்கம் மட்டும் 60 பக்கம் என்றால் அந்தக் கதை எபிசோடுக்குள் அடங்காது என்று தயாரிப்பாளருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். தொடரின் தயாரிப்பாளர் ஜீன் கூன் அதை வாங்கவில்லை. வேறு கதை இருந்தால் கொண்டு வா என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஜெரால்ட் அடுத்து சில சின்னச் சின்னக் கருக்களைக் கொடுத்தார். அதில் ஒன்றுதான் ட்ரிப்பிள்.

அதற்கு விதை ஆஸ்திரேலியாவின் முயல்கள். யாரோ வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட சாதுவான பிராணி, தின்ன எதிரி இல்லாததால் ஒரு கண்டத்தையே மேய்ந்துவிட்டது. டிவியில் வரும் வேற்றுக்கிரக ஜந்து என்றாலே பல்லும் நகமுமாகத்தான் இருந்தது. ஆபத்து அழகான வடிவத்தில் வந்தால் யாரும் அதை ஆபத்தாகவே பார்க்க மாட்டார்கள் என்பதுதான் ஜெரால்டின் யோசனை.

ஸ்கிரிப்டின் அமைப்பைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்கலாம். விளம்பரம் போக சுமார் 50 நிமிடம் கையில் இருக்கும். முதலில் டீசர் என்ற சின்ன முன்காட்சி, பிறகு நான்கு பாகங்கள். ஒவ்வொரு பாகமும் விளம்பரத்துக்குப் போகிற இடத்தில் பார்ப்பவர் சேனலை மாற்றாத மாதிரி முடிய வேண்டும். இந்த எபிசோடின் டீசர், கே-7 விண்நிலையத்திலிருந்து உச்சகட்ட ஆபத்து அழைப்பு வருவதோடு முடிகிறது. கப்பல் போருக்குத் தயாராகப் பறந்து போனால், அங்கே தானியக் கிடங்குக்குக் காவல் வேண்டும் என்று ஓர் அதிகாரி கூப்பிட்டிருக்கிறார். கேப்டன் கிர்க்குக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சல் கடைசிவரை தீருவதில்லை. நகைச்சுவை முழுக்க அதன் மேல்தான் ஓடுகிறது.

ட்ரிப்பிள் என்ற அந்த ஒரே பொருளுக்குக் கதையில் எத்தனை வேலை பாருங்கள். மதுக்கூடத்தில் ஒரு வியாபாரி விற்கக் கொண்டுவருகிறான். கப்பல் அதிகாரி உஹுரா கையில் ஒன்று இலவசமாக வந்து சேருகிறது. அது பெருகுகிறது. காற்றுக்குழாய் வழியாக உணவு இயந்திரத்துக்குள் புகுந்து, கிர்க்கின் சாப்பாட்டுத் தட்டு வரை வந்துவிடுகிறது. கிடங்கில் தானியத்தைத் தின்றவை செத்துக் கிடக்கும்போதுதான் தானியத்தில் விஷம் கலந்திருப்பது தெரிகிறது. எதிரி இனமான கிளிங்கான்களைக் கண்டால் கீச்சிடும் குணத்தால் மனித வேஷத்தில் இருந்த உளவாளியும் மாட்டுகிறான். சிரிப்பு, தடயம், சாட்சி எல்லாம் அதுவே. ட்ரிப்பிளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் நிற்காது. ஆரம்பநிலை ஸ்கிரிப்ட்கள் பல இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. வேடிக்கைக்கு ஒரு பிராணி, துப்புக்கு ஒரு கடிதம், முடிவுக்கு ஒரு துப்பாக்கி என்று தனித்தனியாக வைத்தால், ஒவ்வொன்றையும் அறிமுகப்படுத்தவே நேரம் போய்விடும்.

கிடங்கின் மேல்கதவைத் திறந்ததும் ட்ரிப்பிள்கள் கிர்க்கின் தலையில் கொட்டுகின்றன. எத்தனை இருக்கும் என்பதற்கு அவருடைய துணை அதிகாரி ஸ்பாக் சொல்லும் எண் 17,71,561. வாயில் வந்ததைச் சொல்லிவிடவில்லை. ஒரு ட்ரிப்பிள், ஒவ்வொரு 12 மணி நேரத்துக்கும் 10 குட்டி, மூன்று நாள். தாயும் உயிரோடு இருப்பதால் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை 11 மடங்காகும். மூன்று நாளில் ஆறு முறை: 11, 121, 1,331, 14,641, 1,61,051, 17,71,561. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் அப்படியே வரும். பார்ப்பவரில் ஆயிரத்தில் ஒருவர்தான் கணக்குப் போடுவார். அந்த ஒருவரையும் மதித்து எழுதுவதை நான் அறிவியல் புனைகதையின் அடிப்படை ஒழுக்கம் என்றே சொல்வேன்.

செலவு விஷயத்திலும் அந்தக் கரு கெட்டிக்காரத்தனமானது. கண் இல்லை, கால் இல்லை, முகம் இல்லை. வா சாங் வடிவமைக்க, ஜாக்குலின் கியூமெர் என்ற பெண்மணி செயற்கை ரோமத் துணியில் நுரை ரப்பரை அடைத்து 500 ட்ரிப்பிள் தைத்துக் கொடுத்தார். அவருக்குக் கொடுத்த கூலி 350 டாலர். நகர வேண்டிய சிலவற்றுக்குள் மட்டும் பொம்மை நாயின் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். கொட்டும் காட்சியில், எல்லாம் விழுந்து முடிந்த பிறகும் ஒவ்வொன்றாக கிர்க்கின் மேல் வந்து விழுந்துகொண்டே இருக்கும். மேலே நின்று எறிந்தவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாததால் அவர்கள் நிறுத்தவில்லை. அந்த எபிசோடிலேயே பெரிய சிரிப்பு அதுதான்.

தவறு நடந்தது தட்டச்சில். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு, அங்குலத்துக்கு 10 எழுத்து விழும் பைக்கா எழுத்தை வைத்துப் போட்டது. ஜெரால்டின் மெஷினில் இருந்ததோ அங்குலத்துக்கு 12 எழுத்து விழும் எலீட். மூன்றரை அங்குல வசன வரியில் பைக்காவில் 35 எழுத்துதான் பிடிக்கும். எலீட்டில் 42 பிடித்துவிடும். அவர் பார்வைக்குப் பக்க எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. சைக்ளோஸ்டைல் எடுக்க ஸ்டூடியோவில் மறுபடி அடித்தபோது அளவு தாண்டிவிட, ஏறக்குறைய 20 பக்கத்தை வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டியதால் எபிசோடு வேகம் பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைக்கும் திரைக்கதையை 12 புள்ளி கூரியர் எழுத்தில்தான் கேட்கிறார்கள். அதுவும் அங்குலத்துக்கு 10 எழுத்துதான். வேறு எழுத்துருவில் எழுதிவிட்டுக் கடைசியில் மாற்றினால் ஜெரால்டுக்கு நடந்ததே நமக்கும் நடக்கும்.

இன்னொரு சிக்கல் மூத்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் வடிவத்தில் வந்தது. அவருடைய 1952 நாவலான ‘தி ரோலிங் ஸ்டோன்ஸ்’ கதையில் செவ்வாய் கிரகத்து ‘தட்டைப் பூனைகள்’ விண்கப்பலுக்குள் இதே மாதிரி பெருகும். ஜெரால்ட் சின்ன வயதில் படித்து மறந்திருந்தார். ஸ்கிரிப்டைச் சரிபார்த்தவர்கள் ஒற்றுமையைக் கண்டுபிடித்ததும் தயாரிப்புத் தரப்பு ஹைன்லைனிடமே பேசியது. கையெழுத்துப் போட்ட ஸ்கிரிப்ட் பிரதி ஒன்று போதும் என்றார் அவர். அவருடைய பூனைகளே எல்லிஸ் பார்க்கர் பட்லரின் 1905 கினிப்பன்றிக் கதைக்குக் கடன்பட்டவைதான். 2022ல் ஹைன்லைன் பெயரிலான விருது ஜெரால்டுக்கே கிடைத்தது எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

இந்த விவரமெல்லாம் வெளியே தெரிவதற்குக் காரணம், 1973ல் அவரே எபிசோடின் பெயரில் ஒரு புத்தகம் எழுதியதுதான். முதல் கருவிலிருந்து ஸ்கிரிப்ட் வரை எல்லாம் அதில் இருக்கிறது. டிவி எழுத்தைப் பற்றி நான் அறிந்தவரை இதைவிடப் பயனுள்ள புத்தகம் இல்லை.

அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதில், 1968ல் நாடகப் பிரிவின் ஐந்து பரிந்துரைகளும் ஸ்டார் ட்ரெக் எபிசோடுகளே. ஹார்லன் எலிசன், தியோடர் ஸ்டர்ஜன், நார்மன் ஸ்பின்ராட், ஜெரோம் பிக்ஸ்பி ஆகிய நால்வரும் ஏற்கெனவே பெயர் பெற்ற எழுத்தாளர்கள். ஐந்தாவது ஜெரால்ட், கையில் ஒரு நாவல்கூட இல்லாமல். விருது எலிசனுக்குப் போனது.

நாவல்கள் பிறகுதான் வந்தன. 1972ல் ‘வென் ஹார்லி வாஸ் ஒன்’, சுயமாகச் சிந்திக்கும் கணினி பற்றியது. 1973ல் ‘தி மேன் ஹூ ஃபோல்டட் ஹிம்செல்ஃப்’. நேரப்பயணம் செய்ய ஒரு பெல்ட் கிடைத்தவன் தன்னுடைய வேறு வேறு வயது உருவங்களையே சந்தித்து, அவற்றோடு விருந்து வைத்து, கடைசியில் தன்னையே காதலிக்கிறான். ஒரே நடிகர் ஒரு கூடம் நிறைய நிற்க வேண்டிய கதை. அன்றைய டிவி பட்ஜெட்டில் ஒரு காட்சியைக்கூட எடுத்திருக்க முடியாது. அந்தக் காலத்துத் தணிக்கையும் விட்டிருக்காது. ரோமத் துணி போதும் என்றால் ஸ்கிரிப்ட், போதாது என்றால் நாவல் என்று எதை எங்கே எழுத வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

1974ல் ‘லேண்ட் ஆஃப் தி லாஸ்ட்’ என்ற சனிக்கிழமைக் காலை குழந்தைகள் தொடருக்குக் கதை ஆசிரியர் ஆனார். லாரி நிவன், ஸ்டர்ஜன், பென் போவா என்று அறிவியல் புனைகதைக்காரர்களையே எழுதக் கூப்பிட்டார். பக்கூனி என்ற இனத்துக்கு மொழி வேண்டும் என்று யுசிஎல்ஏ மொழியியலாளர் விக்டோரியா ஃப்ராம்கின் இலக்கணத்தோடு ஒரு மொழியை உருவாக்கினார். குழந்தைகள்தானே என்று யாரும் அசட்டை செய்யவில்லை.

திருப்பி அனுப்பப்பட்ட கதைகளுக்கு வருவோம். 1966ல் கூன் வாங்காத அந்தத் தலைமுறைக் கப்பல், 1980ல் ‘தி கேலக்டிக் வேர்ல்பூல்’ என்ற ஸ்டார் ட்ரெக் நாவலாக வந்தது. 1987ல் ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தொடரான நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்காக ‘பிளட் அண்ட் ஃபயர்’ எழுதினார். எய்ட்ஸ் பயத்தில் ரத்த தானம் செய்யவே ஜனங்கள் தயங்கிய காலம். ரத்தத்தில் பரவும் ஒட்டுண்ணி, ஜோடியாக வாழும் இரண்டு ஆண் மாலுமிகள் என்று கதை. அது படமாகவில்லை. அவரும் தொடரை விட்டு விலகினார். கிர்க், பிகார்ட் போன்ற பாத்திரங்களும் கப்பலும் ஸ்டூடியோவின் சொத்து. கதையின் எலும்புக்கூடு மட்டுமே எழுதியவனுடையது. ஆகவே தன் சொந்த ‘ஸ்டார் வுல்ஃப்’ நாவல் வரிசைக்கு அதைக் கொண்டுபோய் 2004ல் அதே தலைப்பில் புத்தகமாக்கினார். ரசிகர்கள் எடுத்த ஸ்டார் ட்ரெக் தொடருக்காக அதைத் தானே இயக்கவும் செய்தார்.

இப்படிச் செய்ய நினைக்கிறவர்கள் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. இரவல் உலகத்தின் விதிகள் எந்தெந்தத் திருப்பத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன என்று பட்டியல் போட வேண்டும். ஆட்களைக் கதிராக மாற்றி அனுப்பும் வசதி உங்கள் கப்பலில் இல்லையென்றால், அதை நம்பியிருந்த ஒவ்வொரு காட்சியையும் அடித்தளத்திலிருந்து மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

1994ல் பாபிலன் 5 என்ற வேறொரு விண்வெளித் தொடருக்கு எழுதிய ‘பிலீவர்ஸ்’ அவருடைய டிவி வேலையில் கனமானது. குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்தால் ஆன்மா போய்விடும் என்று நம்பும் பெற்றோர். மீறிச் செய்து காப்பாற்றும் டாக்டர். முடிவில் பெற்றோரே குழந்தையைக் கொன்றுவிடுகிறார்கள். கடைசி நிமிடத்தில் எல்லோரும் மனம் மாறும் வழக்கமான வாசலை அவர் திறக்கவே இல்லை. அதே ஆண்டு வந்த ‘தி மார்ஷியன் சைல்ட்’ குறுநாவல், அவர் ஒரு பையனைத் தத்தெடுத்ததிலிருந்து பிறந்தது. ஹியூகோ, நெபுலா என்ற இரண்டு விருதுகளும் அதற்குக் கிடைத்தன. ஜெரால்ட் ஓரினச்சேர்க்கையாளர். 2007ல் வந்த படத்தில் அந்த அப்பாவை மனைவியை இழந்தவராக மாற்றிவிட்டார்கள். புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அந்த இழப்பு தெரியும்.

படிக்கத் தொடங்குகிறவர்கள் ‘தி மேன் ஹூ ஃபோல்டட் ஹிம்செல்ஃப்’ நாவலை முதலில் எடுங்கள், சின்னப் புத்தகம். ஹார்லிக்கு 1972, 1988 என்று இரண்டு வடிவங்கள் உண்டு. முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், கணினி மாற மாற அவர் எதை மாற்றினார் என்று புரியும். 1983ல் தொடங்கிய ‘ச்டோர்’ போர் வரிசையை மட்டும் யோசித்து ஆரம்பியுங்கள். நான்கு தடிமனான தொகுதிகளுக்குப் பிறகு ஐந்தாவதுக்காக வாசகர்கள் முப்பது வருஷமாகக் காத்திருக்கிறார்கள்.