தெப்பக்குளத்திலிருந்து தொடங்கிய மதுரை

மதுரைக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் நேரே கோவிலுக்குக் கூட்டிப்போவோம். அப்புறம் ஜவுளிக்கடை, சாப்பாடு, பஸ் ஸ்டாண்ட். பொங்கல் லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து அத்தையும் மாமாவும் பேரனோடு வந்தபோது, கோவிலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அத்தைக்கு அரை மனசுதான். முதலில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், பிறகு திருமலை நாயக்கர் மகால், சாயங்காலம் மீனாட்சியம்மன் கோவில். மதுரையை இந்த வரிசையில் பார்த்தால்தான் ஒன்றோடொன்று பிடிபடும் என்பது என் எண்ணம்.

மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளத்தைத்தான் திருமலை நாயக்கர் 1645-இல் தெப்பக்குளமாக ஆக்கினார் என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். காலை வெயில் ஏறுமுன் கல் சுவரோரமாக நடந்தபடி இதைச் சொன்னேன். மாமா கட்டட மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குளத்தின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, "இவ்வளவு மண்ணும் செங்கல்லாச்சுன்னா அந்தக் கட்டடத்தைப் பாத்தே ஆகணும் மாப்ள" என்றார்.

மகாலில் அவரை நகர்த்தவே முடியவில்லை. 1636-இல் கட்டியது. இன்று நிற்பது பழைய அரண்மனையில் கால் பங்குதான் என்கிறார்கள். நாயக்கரின் பேரன் சொக்கநாதர் பல பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். மிச்சத்தை 19-ஆம் நூற்றாண்டில் ஆளுநர் நேப்பியர் பழுது பார்க்கவைத்தார். மன்னர் தர்பார் நடத்திய சொர்க்க விலாசத்தின் குவிமாடத்தில் இரும்பும் கிடையாது, மர உத்திரமும் கிடையாது. அது எப்படி நிற்கிறது என்று பேரன் கேட்டான். ஒரு செங்கல்லின் பாரத்தை அடுத்தது வாங்கிப் பக்கத்தில் தள்ளும், அப்படியே இறங்கி இறங்கித் தூணுக்குள் போய்விடும் என்று மாமா இரண்டு கைகளையும் வளைத்துக் காட்டினார். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சை அவர் தொடாமல், கிட்டப்போய் மட்டும் பார்த்தார். அந்தத் தூண்களில்தான் ஆட்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மகாலோடு திரும்பிவிடாதீர்கள். விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்துக்குள் பத்துத்தூண் இருக்கிறது. அதுவும் அந்த அரண்மனையின் மிச்சம். கடைகளுக்கு நடுவே, மேலே கூரை இல்லாமல் நிற்கும் அந்தக் கல் தூண்களைப் பார்த்தால்தான் பழைய அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது உறைக்கும்.

மதியம் கோவில் நடை சாத்திவிடுவார்கள். அதனால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, அத்தைக்கு முழங்கால் வலி குறையும்வரை படுத்துவிட்டு, நான்கு மணிக்கு மேல் கிளம்பினோம். 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. அது நல்லதாகவே போயிற்று. எல்லோரும் நிமிர்ந்து பார்த்து நடந்தோம்.

அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சுவாமி சன்னதிக்குத் திரும்பும் வழியில் முக்குறுணிப் பிள்ளையார். தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்தவர் இவர்தான் என்பார்கள். சதுர்த்திக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை பிடித்துப் படைப்பார்கள். காலையில் அரை மனசோடு வந்த அத்தை அங்கே வெகுநேரம் நின்றார். "அந்தக் குளத்தைப் பாக்காம வந்திருந்தா இவரைச் சும்மா கும்பிட்டுட்டுப் போயிருப்பேன்யா" என்றார்.

தைப்பூசத் தெப்பத்துக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அந்தக் குளத்தின் மைய மண்டபத்தைச் சுற்றி வருவதை அவர்கள் பார்த்தே ஆகவேண்டும்.