மூச்சு வாங்கிய இடமெல்லாம் வரலாறு

ஃப்ளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு 463 படி. லிஃப்ட் கிடையாது. முட்டிவலி என்று அத்தை கீழேயே ஐஸ்கிரீம் கடைப் பக்கம் ஒதுங்கிவிட்டார். மாமனார் ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர், அவர் விடுவாரா?

நூறு படி தாண்டுவதற்குள் இரைக்க ஆரம்பித்துவிட்டது. அதை மாப்பிள்ளையிடம் ஒத்துக்கொள்ள முடியுமா? சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "1296-ல ஆரம்பிச்ச கோயில் மாப்ளே. உச்சியில கிட்டத்தட்ட 45 மீட்டர் அகலத் திறப்பு. எப்படி மூடுறதுன்னு தெரியாமலே சுவரை எழுப்பிட்டாங்க" என்றார். பேசி முடிக்கவும் மூச்சு சீராகவும் சரியாக இருந்தது.

குவிமாடத்தின் அடியில் உள்பக்கமாக ஒரு நடைபாதை. மேலே இறுதித் தீர்ப்பு ஓவியம். அதில் நமக்குப் பக்கத்தில் இருப்பது நரகம்தான். பேய்கள் பாவிகளைப் படுத்தும் பாட்டை மாமா நிதானமாகப் பார்வையிட்டார். "எல்லாத் தண்டனையும் இருக்கு, படி ஏற விடுறது மட்டும் இல்ல."

அதற்குமேல்தான் வினை. உண்மையில் அங்கே இருப்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குவிமாடம். அந்த இடுக்கில்தான் படிக்கட்டு. முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். மாமா நின்றார்.

"இந்தச் செங்கலைப் பாருங்க. படுக்கை வரிசைக்கு நடுவுல அங்கங்க நட்டுக்குத்தலா ஒண்ணு. சாந்து இறுகுற வரைக்கும் புது வரிசை உள்ள சரியாம அதுதான் பிடிச்சுக்கும். கீழேருந்து சென்ட்ரிங்கே இல்லாம, 1420-ல தொடங்கி 1436-ல மூடிட்டார் புருனெலெஸ்கி. படிச்ச தொழில் என்ன தெரியுமா? பொற்கொல்லர்!"

பின்னால் வந்த ஸ்பானியக் குடும்பம் அவரை கைடு என்றே முடிவு கட்டிவிட்டது. அவர் தொட்ட செங்கலையெல்லாம் போட்டோ எடுத்தார்கள். என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்க, நான் ஆங்கிலத்தில் பெயர்க்க, மாமாவுக்கு உற்சாகம் பிறந்து மூச்சு வாங்காத இடத்திலும் நிற்க ஆரம்பித்தார்.

கடைசிச் செங்குத்துப் படிக்கு முன்னால் ஒரு செய்தி: ஆட்கள் சாப்பிட இறங்கி ஏறினால் நேரம் வீண் என்று புருனெலெஸ்கி மேலேயே சாப்பாட்டுக் கடை வைத்தாராம். புருனெலெஸ்கியின் வாழ்க்கையை 16-ஆம் நூற்றாண்டில் எழுதியவர் சொன்னது. இதைக் கேட்டதும் ஸ்பானியக் குடும்பம் எங்களை முந்திக்கொண்டு ஏறியது.

உச்சியில் ஊர் முழுக்கச் செவ்வோட்டுக் கூரை. மாமாவின் கண் மட்டும் வேறு எதையோ தேடியது. "அந்தக் கடை எங்கேன்னு கேளுங்க மாப்ளே."

கேட்டேன். காவலுக்கு நின்ற அம்மாள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"1436-லேயே மூடிவிட்டார்கள்."