மணப்பாறைப் பெருந்திரளணிக்குப் படையைக் கூட்டிப் போய் வந்த கணக்கு

மணப்பாறை சிப்காட் வளாகத்தில் 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை நடந்த வைர விழாப் பெருந்திரளணி (ஜம்போரி, சாரணர்களின் பெரிய முகாம்) முடிந்துவிட்டது. பைகளில் செம்மண் தூசி இன்னும் போகவில்லை. 1950 நவம்பர் 7 அன்று பிறந்த பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் 75ஆம் ஆண்டை ஒட்டிய விழா இது. காஷ்மீர் பக்கத்துப் பிள்ளையும் கன்னியாகுமரிப் பிள்ளையும் ஒரே குழாயடியில் தட்டுக் கழுவுவதைப் பார்க்க வேறு இடம் கிடையாது. அடுத்த முறை படையை, அதாவது பள்ளியின் சாரணர் குழுவைக் கூட்டிப் போகிறவர்களுக்காகப் பயணம், கூடாரம், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தோம். ஆனால் லிட்டியைப் பற்றிச் சொல்லாமல் பயணத்துக்குப் போக மனசு வரவில்லை.

மாநில உணவு அரங்கில் பீகார் பிள்ளைகள் செய்தார்கள். வறுத்த கடலை மாவில் பூண்டு, பச்சை மிளகாய், ஓமம், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கடுகெண்ணெய் சேர்த்துப் பிசைகிறார்கள். அதைக் கோதுமை மாவு உருண்டைக்குள் வைத்து மூடித் தணலில் சுடுவதுதான் லிட்டி. தீ எரியும்போது வைத்தால் மேலே கருகி உள்ளே மாவு பச்சையாக நிற்கும். விறகு எரிந்து தணலாகி, மேலே வெள்ளைச் சாம்பல் படர்ந்த பிறகுதான் வைக்க வேண்டும். சுட்ட கத்தரிக்காயும் தக்காளியும் மசித்த சோக்கா தொட்டுக்கொள்ள. எண்ணெய்ச் சட்டி கிடையாது, கரண்டிகூடத் தேவையில்லை. முகாம் சமையல் என்றால் இதுதான். சில அரங்குகளில் கடையில் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் அடுக்கியிருந்தார்கள். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவனுக்கு அதில் என்ன கிடைக்கும்? நம் பிள்ளைகளுக்குக் குழிப்பணியாரம் வசதி. ஒரு கல், புளித்த மாவு, சின்ன அடுப்பு போதும். வருகிறவரையே கம்பியால் திருப்பிப் போட வைக்கலாம். மாவை முதல் நாள் இரவே கரைக்கும்போது பாத்திரத்தில் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. பகல் வெயிலில் பொங்கி வழிந்துவிடும்.

இனி பயணம். திருச்சியிலிருந்து மணப்பாறை சுமார் 40 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் சிக்கலே இல்லை. கடைசிச் சில கிலோமீட்டரில்தான் பணம் கரைகிறது. பேசிய வாடகைக்கு ஒப்புக்கொண்ட வேன்காரர், மூட்டை எல்லாம் மேலே ஏறிய பிறகு “லக்கேஜுக்குத் தனி, வெயிட்டிங் தனி” என்றார். பிள்ளைகளை நடுவழியில் இறக்கிவிட்டுச் சண்டை போட முடியாது என்று அவருக்குத் தெரியும். எரிச்சலாகத்தான் இருக்கிறது. பெற்றோர் கொடுத்த பணத்தில் மறுநாள் பழத்துக்கும் மோருக்கும் ஒதுக்கிய தொகை அது. ஆட்கள் எத்தனை, மூட்டை எத்தனை, கூடாரப் பகுதியின் எந்த வாசல் வரை, காத்திருப்பு எவ்வளவு என்று நான்கையும் ஊரிலிருந்து கிளம்புமுன்பே வாட்ஸ்அப்பில் எழுதி, ‘சரி’ என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு செல்லாது. திரும்பும் நாளில் எல்லாப் படையும் ஒரே நேரத்தில் வண்டி தேடும். அந்த வாடகையையும் அப்போதே பேசி முடிக்க வேண்டும்.

கூடாரம் அமைப்பாளர்களே தருவார்கள் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். தரை சரளை கலந்த செம்மண். மரமுளை இறங்காமல் தலை பிளந்துகொள்ளும். ஓர் அடி நீள இரும்பு முளைகள் பத்தும் ஒரு சின்னக் கடப்பாறையும் படைக்கு அவசியம். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்து, கயிறு இழுக்கும் திசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். நேராக அடித்தது முதல் பலத்த காற்றில் பிடுங்கிக்கொண்டு வரும். ஜனவரி கடைசியில் பகலில் வெயில் கொளுத்தினாலும் விடியற்காலையில் பனி இறங்குகிறது. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கும். அதனால் படுக்கப் போகுமுன் இழுகயிறுகளை விரல்கடை அளவு தளர்த்தி, காலையில் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். தரையில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்துக்கு வெளியே துருத்தக் கூடாது. பனித் தண்ணீர் அதில் வழிந்து படுக்கைக்கே வந்துவிடும்.

முகாமின் முன்னால் வாசல் கட்டும் இடத்தில்தான் படையின் லட்சணம் தெரியும். ஃப்ளெக்ஸ் அடித்து, தெர்மகோல் வளைவு செய்து லாரியில் இறக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் சாரணனுக்குக் கற்க எதுவும் இல்லை, காசும் வீண். எட்டடி மூங்கில் ஏழு போதும்: இரண்டு முக்காலிக்கு ஆறு, குறுக்கே ஒன்று. கயிறு ஆறு மில்லிமீட்டர் சணல். நைலான் மூங்கில்மேல் வழுக்கும், முடிச்சு தானே தளரும். ஐந்து சென்டிமீட்டர் பருமனுள்ள இரண்டு மூங்கிலைக் குறுக்காகச் சேர்த்துக் கட்டும் ஒரு ஸ்கொயர் லாஷிங்குக்கு மூன்றரை மீட்டர் வெட்டுங்கள். நிற்கும் கழியில் குளோவ் ஹிட்ச் (கயிற்றைக் கழியில் பிடித்து நிறுத்தும் முடிச்சு) போட்டு மூன்று சுற்று, இரு கழிகளுக்கும் இடையில் அந்தச் சுற்றுகளை இறுக்கும் ஃபிராப்பிங் இரண்டு, முடிவில் குறுக்குக் கழியில் இன்னொரு குளோவ் ஹிட்ச். பெரும்பாலான பிள்ளைகள் சுற்றை இறுக்கிவிட்டு ஃபிராப்பிங்கைச் சும்மா சுற்றுகிறார்கள். ஃபிராப்பிங்தான் இறுக்கம் தருவது. அங்கேதான் இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். முக்காலிக்கு மூன்று கழிகளைச் சேர்க்கும் கட்டு இதற்கு நேர்மாறு. படுக்கப் போட்டுக் கட்டும்போது ரொம்ப இறுக்கினால் கால்கள் விரியாது, வலிந்து விரித்தால் மூங்கில் வெடிக்கும்.

இதை ஆசிரியர் கட்டக் கூடாது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி, அணித் தலைவன் சொல்லச் சொல்லக் கட்ட வேண்டும். சாமான்களையும் அணி அணியாகக் கட்டி எடுத்துப் போங்கள்: ஓர் அணிக்கு ஒரு கயிற்றுப் பை, ஒரு வாளி, ஒரு டார்ச், ஒரு முதலுதவிப் பெட்டி. பள்ளி மொத்தத்துக்கும் ஒரே டிரங்குப் பெட்டி என்றால், சாவி வைத்திருக்கும் ஆசிரியர் பின்னாலேயே மொத்தப் படையும் நாள் முழுக்க அலையும். அந்த நேரத்தில் மற்ற படைகள் கண்காட்சியும் சாகச விளையாட்டும் பார்த்து முடித்துவிடும்.

தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் போதாது, இரண்டாகக் கொடுங்கள். அணிவகுப்பு ஒத்திகையில் மயங்கி விழுவது பெரும்பாலும் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்த பிள்ளைகள்தான். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கரைத்தால் வாந்தி வரலாம். புது ஷூவை முகாமில் முதன்முதலாகப் போடுகிற பிள்ளைக்கு இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம். முன்னதாகவே வீட்டில் போட்டுப் பழக்கச் சொல்லுங்கள். கழிப்பறை வரிசை விடிந்தால் நீளும். நாலரை மணிக்கு எழுகிற அணிக்குத் தொல்லை இல்லை.

மணப்பாறை முறுக்கை மறக்கவே கூடாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பாதி வெந்ததும் எடுத்து ஆறவிட்டு மறுபடி பொரிப்பதால்தான் அந்த மொறுமொறுப்பு. பேட்ஜும் ஸ்கார்ஃபும் மாற்றிக்கொள்ளும் நேரத்தில் வடநாட்டுப் பிள்ளைகளிடம் இதற்கு இருந்த வரவேற்பு எந்தப் பேட்ஜுக்கும் இல்லை! முகாமுக்குள் நுழையுமுன் ஊருக்குள்ளேயே வாங்குங்கள், சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். பெரிய பாக்கெட்டைப் பிரித்தால் பனியில் நமுத்துவிடும்.

கிளம்பும் நாளில் பேருந்துக்கு நேரமாகிறது என்று கயிறுகளைக் கத்தியால் அறுக்க விடாதீர்கள். முடிச்சை அவிழ்த்து, வெயிலில் உலர்த்தி, சுருட்டித்தான் பைக்குள் போக வேண்டும். ஈரச் சணல் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து இற்றுப் போகும். முளை பிடுங்கிய குழிகளை மண் போட்டு மிதித்து மூட ஓர் அணிக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. வேன்காரரிடம் வரச்சொல்லும் நேரத்தில் அந்த அரை மணியையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் வெயிட்டிங் கேட்பார்.