மூன்று டிராகன்களும் ஒரு பிளிசார்டும்

யூலை 5, சனி

கொக்குவிலில் இருக்கும் சித்தியின் மகன் போக்கிமோன் வீடியோ விளையாட்டில் தான் சேர்த்த அணியைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு நேரத்தில் இரண்டு இரண்டாக இறக்கும் இரட்டையர் ஆட்டத்துக்கான அந்த ஆறில் டிராகனைட், கார்சோம்ப், சலமென்ஸ் என மூன்று டிராகன்கள் இருந்தன. மூன்றுக்கும் பனித் தாக்குதலில் நான்கு மடங்கு சேதம் விழும். பிளிசார்ட் என்னும் பனித் தாக்குதல் எதிரில் நிற்கும் இரண்டையும் ஒருசேரத் தாக்கும் என்பதால், இவற்றில் இரண்டைச் சேர்த்து இறக்குவது எதிராளிக்கு விருந்து வைப்பதற்குச் சமம். "அண்ணா, டிராகனைட்டுக்கு முழு உயிர் இருந்தால் முதல் அடி பாதிதானே விழும்" என்று வாதாடினான். உண்மைதான், ஆனால் மற்ற இரண்டுக்கும் அந்தக் கவசம் இல்லை.

யூலை 6, ஞாயிறு

டிராகனைட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் ஓட்டைகளிலிருந்தே அணியைத் தொடங்கினோம். அதற்கு ஆகாத பனி, டிராகன், ஃபேரி ஆகிய மூன்று வகைத் தாக்குதல்களையும் தாங்குவது உருக்கு வகை. ஆகவே அவ்வகையைச் சேர்ந்த கோல்டெங்கோ வந்தது. கோல்டெங்கோவுக்கு ஆகாதவை நெருப்பு, நிலம், பேய், இருள். முதல் இரண்டுக்கும் டிராகனைட்டே போதும், ஏனெனில் அது நெருப்பைத் தாங்கும், நிலம் அதைத் தொடாது. பேயையும் இருளையும் தாங்க இன்சினரோரைச் சேர்த்தோம். இறங்கியவுடன் எதிரிகளின் தாக்குதல் வலிமையை ஒரு படி குறைக்கும் அதன் திறன், என் கணிப்பில், வகைப் பொருத்தத்தைவிடப் பெரிய காரணம். அதன் பலவீனங்களான நீர், நிலம், மல்யுத்தம் ஆகியவற்றை டிராகனைட் ஏற்கும், பாறையைக் கோல்டெங்கோ தாங்கும்.

யூலை 9, புதன்

இம்மூன்றும் மந்தமானவை, கோல்டெங்கோவின் அடிப்படை வேகமே 84தான். ஆகவே, அணியின் வேகத்தை நான்கு சுற்றுகளுக்கு இரட்டிப்பாக்கும் டெய்ல்விண்டை முந்திக்கொண்டு போடக்கூடிய விம்சிகாட் நான்காவது. எதிராளி டிரிக் ரூம் போட்டு வேக வரிசையைத் தலைகீழாக்கினால், 30 வேகமுள்ள அமூங்குஸ் முதலில் அடிக்கும். அதுவே ஐந்தாவது.

யூலை 12, சனி

ஆறாவது இடத்துக்குக் கார்சோம்பைத் திரும்பக் கேட்டான். அதன் நிலநடுக்கம் என்னும் தாக்குதல் பக்கத்தில் நிற்கும் கூட்டாளியையும் அடிக்கும்; எங்கள் இன்சினரோருக்கும் கோல்டெங்கோவுக்கும் நிலம் ஆகாது. நெருப்பை அடிக்க நீர் வகை போதும் என்பதால் நான் கியராடோஸைச் சொன்னேன். மின்சாரம் அதை நான்கு மடங்கு அடிக்குமே என்று தயங்கியவனுக்கு, 2014 உலகப் போட்டியில் வென்ற தென்கொரியரான பார்க் செ-ஜுனின் அணியைக் காட்டினேன். அதில் இருந்த, யாரும் மதிக்காத பச்சிரிசு என்னும் போக்கிமோன், கியராடோஸுக்கு வரவிருந்த மின்தாக்குதல்களைத் தன் பக்கம் இழுத்து, அவற்றாலேயே உயிரைக் கூட்டிக்கொண்டது. எங்கள் அமூங்குஸுக்கு மின்சாரத்தால் உயிர் ஏறாது. ஆயினும் அதுவும் தாக்குதல்களைத் தன் பக்கம் இழுக்கும், மின்சாரத்தில் பாதிச் சேதமே காணும்.

இப்போது பாறைக்கு டிராகனைட், இன்சினரோர், கியராடோஸ் என மூவர் பலவீனமாகிவிட்டனர். எதிராளியின் ஆறையும் பார்த்த பின்னரே நாம் நால்வரைத் தெரிவு செய்வதால், அங்கே பாறைத் தாக்குதல் மிகுந்திருந்தால் கியராடோஸை வெளியே இருத்துவதாக முடிவு செய்திருக்கிறோம்.